பாடநூலும் மூலநூலும்

அறிவியல் படிக்கும் மாணவனுக்குப் பழைய நூல்கள் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே பலர் உளர். இலக்கிய மாணவன் கம்பனைப் படிக்கட்டும். வரலாற்று மாணவன் கல்வெட்டுகளைப் படிக்கட்டும். இயற்பியலோ வேதியியலோ பயில்பவன் நூற்றைம்பது ஆண்டுக்கு முற்பட்ட நூலைத் திறப்பது வீண்வேலை என்பது அவர்கள் கருத்து. பழைய நூலில் சரியாக இருந்தவை யாவும் இன்றைய பாடநூலுக்குள் வந்து சேர்ந்துவிட்டன. வந்து சேராதவை தவறானவை. ஆகவே பழைய நூலை மூடி வைத்துவிடலாம் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய தொகை விடுபட்டுப்போகிறது. பாடநூல் நமக்கு முடிவுகளைத் தருகிறது. முடிவுக்கு வந்து சேர்ந்த வழியைத் தருவதில்லை. வழியில் எங்கே கால் இடறியது, எந்த ஐயம் ஆசிரியரை உறங்கவிடாமல் செய்தது, எதிர்த்துக் கேட்டவனுக்கு விடை தெரியாமல் அவர் எந்த இடத்தில் நின்றார் என்பவையெல்லாம் மூலநூலில்தான் இருக்கின்றன. ஆராய்ச்சித் துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவனுக்கு முடிவைக் காட்டிலும் வழியே மிகுதியும் வேண்டியது. ஏனெனில், நாளை அவன் போய் நிற்கப்போகும் இடத்திற்குப் பாடநூல் இன்னும் எழுதப்படவில்லை.

நான் டில்லியில் வேதியியல் முதுகலை பயில்பவன். சென்ற ஓராண்டாகத் தேர்வுக்கு வேண்டிய புத்தகங்களுக்கு அப்பால் சில மூலநூல்களைப் படித்து வருகிறேன். அவற்றைப் பற்றிய என் எண்ணங்களை நம் மன்றத்து நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். படித்தவற்றையெல்லாம் புகழ்ந்து பாடுவது என் நோக்கமன்று. சுவைத்த இடத்தைச் சுவைத்ததாகவும், சலித்த இடத்தைச் சலித்ததாகவுமே சொல்லப்போகிறேன்.

மெழுகுவத்தி

முதலில் சொல்ல வேண்டியது மைக்கேல் பாரடேயின் 'மெழுகுவத்தியின் வேதியியல் வரலாறு' என்னும் சிறு நூல். இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில், 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, சிறுவர் சிறுமியருக்காக அவர் ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளை வில்லியம் குரூக்ஸ் தொகுத்து 1861-இல் நூலாக்கினார். பாரடே ஒரு கொல்லரின் மகன். பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலுக்குள் புகுந்தார். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூல் தமக்குத் துணை நின்றதைப் பிற்காலத்திலும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். நூல் படித்து விஞ்ஞானி ஆனவர் ஒருவரின் நூல் இது என்பதே இதன் முதற்சிறப்பு.

நூலின் பொருள் எரியும் ஒரு மெழுகுவத்தி. வேறொன்றும் இல்லை. மெழுகு உருகி மேலே ஒரு சிறு கிண்ணம்போல் நிற்கிறதே, அந்தக் கிண்ணம் எப்படி உண்டாயிற்று? சுடரின் சூட்டால் சுற்றியுள்ள காற்று மேல்நோக்கி எழுகிறது. எழும் காற்று மெழுகின் விளிம்பைக் குளிர்விக்கிறது. ஆகவே நடுப்பகுதி உருகுகிறது. விளிம்பு உருகாமல் கரையாக நிற்கிறது. உருகிய மெழுகு திரியில் எப்படி மேலேறுகிறது? ஏறியபின் எரிவது திரியா, மெழுகா, மெழுகின் ஆவியா? இப்படி ஒரு கேள்வி அடுத்த கேள்விக்குக் கைகாட்ட, ஆறாம் சொற்பொழிவு முடியும்போது நாம் நம் மூச்சுக்கு வந்து சேர்ந்துவிடுகிறோம். மெழுகுவத்தி எரிவதும் மனிதன் உயிர்ப்பதும் பிராணவாயுவை ஏற்றுக் கரியமிலவாயுவை வெளிவிடும் ஒரே வகைச் செயல் என்று பாரடே காட்டி முடிக்கிறார்.

எரிவது ஆவியே என்பதை மெய்ப்பிக்க அவர் செய்யும் சோதனை ஒன்று உண்டு. சுடரை மெல்ல ஊதி அணைக்க வேண்டும். திரியிலிருந்து வெண்புகை எழும். திரியைத் தொடாமல், இரண்டு மூன்று அங்குலத் தொலைவில் அந்தப் புகையில் வேறொரு தீயைக் காட்ட வேண்டும். தீ புகை வழியே ஓடிவந்து திரியைப் பற்றிக்கொள்ளும். விடுதியில் மின்சாரம் நின்ற ஓர் இரவில் இதைச் செய்து பார்த்தேன். தீ தாவியது. அறையில் இருந்த நண்பர்கள் மூவரும் தாமும் செய்து பார்க்க வேண்டுமென்று போட்டியிட்டார்கள். அவர்களில் ஒருவர் பொருளாதார மாணவர்.

எரிதலைப் பாடநூல் ஒரே வரியில் சமன்பாடாக எழுதிவிடுகிறது. இருபுறமும் எண்களைச் சரிசெய்ய நமக்கு அரை நிமிடம் போதும். ஆனால் சுடரிலிருந்து தண்ணீர் வெளிப்படுகிறது என்று அந்தச் சமன்பாடு சொல்கிறதே, அது உண்மையென்று நமக்கு எப்படித் தெரியும்? தேர்வில் இதைக் கேட்பார் இல்லை. பாரடே பனிக்கட்டி இட்ட பாத்திரத்தைச் சுடருக்கு மேல் பிடித்து, அதன் அடியில் துளிகள் திரள்வதைக் காட்டுகிறார். பிறகு அது தண்ணீர்தான் என்பதைத் தனியே மெய்ப்பிக்கிறார். காட்ட முடியாத ஒன்றை அவர் நம்பச் சொல்வதில்லை. முதற்சொற்பொழிவின் தொடக்கத்தில் பலவகை மெழுகுவத்திகள் செய்யும் முறையை விரித்துரைக்கும் பகுதி சற்றுச் சலிப்பூட்டும். அதைத் தாண்டிவிட்டால் தடையே இல்லை.

மூவர் பேசும் நூல்

அடுத்தது கலிலியோவின் 'இருபெரும் உலக அமைப்புகள் பற்றிய உரையாடல்'. இது 1632-இல் பிளாரன்ஸ் நகரில் வெளிவந்தது. பூமி நிலையாக நிற்க ஞாயிறு சுற்றுகிறதா, ஞாயிறு நிற்கப் பூமி சுற்றுகிறதா என்பதே பொருள். இந்நூலுக்காக அவர் 1633-இல் உரோமாபுரியில் விசாரிக்கப்பட்டதும், 1642-இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்ததும் யாவரும் அறிந்தவை. நூலைப் பற்றிய இந்தக் கதையை அறிந்த அளவுக்கு நூலை அறிந்தவர் சிலரே.

சால்வியாத்தி, சக்ரெடோ, சிம்பிளிசியோ என்னும் மூவர் நான்கு நாட்கள் கூடிப் பேசுவதாக நூல் அமைந்துள்ளது. சால்வியாத்தி புதிய கொள்கையின் சார்பில் பேசுகிறார். சிம்பிளிசியோ அரிஸ்டாட்டிலின் வழிநின்று மறுக்கிறார். சக்ரெடோ இருவரையும் கேட்டுத் தீர்ப்புக் கூறும் அறிவுள்ள பொதுமகன். நம் நாட்டுத் தருக்க நூல்களில் பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, பின்னர் மறுத்து, அதன்பின் தன் கொள்கையை நிறுவும் முறை உண்டு. அந்த முறையை அறிந்தவர்க்கு இந்நூலின் நடை புதிதாகத் தோன்றாது.

பூமி சுழல்வது உண்மையானால் மேலே எறிந்த கல் நமக்குப் பின்னால் அல்லவா விழ வேண்டும் என்பது எதிரியின் கேள்வி. விடை இரண்டாம் நாள் உரையாடலில் வருகிறது. பெரிய கப்பலின் அடித்தளத்து அறையில் ஒரு நண்பனோடு இருப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்கிறார். அங்கே வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. தொட்டியில் மீன்கள் நீந்துகின்றன. மேலே தொங்கும் குப்பியிலிருந்து கீழுள்ள பாத்திரத்தில் துளித்துளியாக நீர் விழுகிறது. கப்பல் நிற்கும்போது இவற்றைக் கவனிக்க வேண்டும். பிறகு கப்பல் ஒரே சீராக ஓடும்போதும் கவனிக்க வேண்டும். சிறிதும் வேறுபாடு தெரியாது. சென்னையிலிருந்து டில்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் வந்தவர்கள் கப்பலைத் தேடிப் போக வேண்டியதில்லை. வண்டி சீராக ஓடும்போது ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே போதும். அது கைக்கே திரும்பி வரும்.

இந்த நூலின் நான்காம் நாள் உரையாடல் முழுவதும் தவறான ஒரு கொள்கையை விளக்குகிறது. கடலில் ஓதம் ஏறி இறங்குவதற்குப் பூமியின் இருவகை இயக்கங்களே காரணம் என்று கலிலியோ நம்பினார். சந்திரனுக்கு அதில் பங்கு உண்டு என்று சொன்ன கெப்ளரைக் கடிந்தும் கொள்கிறார். ஓதத்திற்குச் சந்திரனும் ஞாயிறும் ஈர்ப்பதே காரணம் என்பதை 1687-இல் நியூட்டன் விளக்கினார். கப்பல் அறையை அவ்வளவு தெளிவாகக் கண்ட அதே மூளை, கடலைக் கண்டபோது வழுக்கியது. பாடநூல் இரண்டாம் நாளை எடுத்துக்கொண்டது. நான்காம் நாளை விட்டுவிட்டது. படிப்பவனுக்கு இரண்டும் வேண்டும். பெரியோர் ஒருவர் ஓரிடத்தில் சரியாகச் சொன்னார் என்பதற்காக எல்லா இடத்திலும் சரியாகச் சொல்லியிருப்பார் என்று கொள்ளக் கூடாது. இந்தப் பாடத்தைக் கலிலியோவின் நூலிலேயே கற்றுக்கொள்ளலாம்.

புறாவும் சேறும்

இப்போது என் மேசைமேல் இருப்பது சார்லஸ் டார்வின் எழுதிய 'உயிரினங்களின் தோற்றம்'. 1859-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் வெளிவந்த நூல். முதற்பதிப்பில் அச்சானவை 1,250 படிகள். 'பீகிள்' கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றி வந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டிய சான்றுகளின் சுருக்கமாகவே இந்நூலை எண்ணினார். அதே கருத்தை வாலேஸ் என்பவர் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து 1858-இல் எழுதி அனுப்பியதால்தான் இந்தச் சுருக்கமும் அப்போது வெளிவந்தது.

விலங்குகளின் பெரும்போரை எதிர்பார்த்து இந்நூலைத் திறப்பவர் முதல் அதிகாரத்திலேயே திகைப்பார். அங்கே வளர்ப்புப் புறாக்கள் அல்லவா இருக்கின்றன! டார்வின் தாமே புறா வளர்த்தார். இலண்டனில் புறா வளர்ப்போர் சங்கங்கள் இரண்டில் உறுப்பினராகவும் சேர்ந்தார். இத்தனை விதமான புறாக்களும் மாடப்புறா என்னும் ஒரே இனத்திலிருந்து, மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் உண்டானவை என்று காட்டுகிறார். மனிதன் சில தலைமுறைகளில் இவ்வளவு செய்யக்கூடுமானால், இயற்கை எண்ணற்ற தலைமுறைகளில் எவ்வளவு செய்யக்கூடும் என்பதே அவர் வாதத்தின் அடிப்படை. இந்த அதிகாரத்தில் நம் நாடும் வருகிறது. 1600-ஆம் ஆண்டையொட்டி அக்பரின் அரசவையோடு இருபதாயிரத்திற்குக் குறையாத புறாக்கள் சென்றதை அவர் குறிப்பிடுகிறார். இந்தியாவிலிருந்து புறாத்தோல்களை அனுப்பியவர் என்று அவர் நன்றி கூறும் எலியட் என்பவர் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டே. பழைய டில்லியின் மாடிகளில் மாலைநேரத்தில் புறாக்களை வட்டமிடச் செய்பவர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். டார்வினின் முதல் அதிகாரத்தை அந்த மாடிகளில் ஒன்றில் அமர்ந்து படிப்பது பொருத்தமாக இருக்கும்.

ஓரினம் ஓரிடத்தில் தோன்றிப் பரவியது என்றால், நடுக்கடலில் உள்ள தீவுகளுக்குச் செடிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? இந்தக் கேள்விக்கு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு விடை தேடவில்லை. 87 வகை விதைகளை உப்புநீரில் ஊறவைத்தார். 28 நாள் ஊறிய பின்னும் 64 வகைகள் முளைத்தன. சில 137 நாள் வரை உயிரோடு இருந்தன. அட்லாண்டிக் கடலின் நீரோட்டம் நாளொன்றுக்குச் சராசரி 33 மைல் செல்லுமானால், 28 நாளில் ஒரு விதை 924 மைல் மிதந்து செல்லக்கூடும் என்று கணக்கிட்டார். எல்லாச் செடிகளும் மிதப்பதில்லை என்பதையும் மறவாமல், மிதப்பவை எத்தனை என்பதற்கும் தனியே சோதனை செய்தார்.

நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டும் சேற்றிலும் விதைகள் செல்லக்கூடும் அல்லவா? ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டிச் சேறு எடுத்தார். உலர்ந்தபின் அதன் எடை ஆறே முக்கால் அவுன்சு. நம் அளவில் ஏறத்தாழ 190 கிராம். அதைத் தம் படிப்பறையில் ஆறு மாதம் மூடி வைத்து, முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். 537 செடிகள்! ஒரு கோப்பையில் அடங்கும் சேறு. இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. பொறுமை ஒன்றே தேவைப்பட்டது. நம் ஆய்வுக்கூடத்தில் கருவி பழுதாகிக் கிடக்கும் நாட்களில் இந்தக் கோப்பைச் சேறு என் நினைவுக்கு வருகிறது.

எனினும் நூலில் என்னை மிகவும் ஈர்த்தது ஆறாம் அதிகாரம். தம் கொள்கைக்கு எதிராக என்னென்ன சொல்லலாம் என்பதை அவரே அங்கு அடுக்குகிறார். ஓரினம் மற்றோர் இனமாக மாறியதென்றால் இடைப்பட்ட வடிவங்கள் எங்கே? கண் போன்ற நுட்பமான உறுப்பு சிறிது சிறிதாக எப்படி உண்டாகியிருக்கும்? எதிரிகள் கேட்குமுன் இவற்றைத் தாமே கேட்டுக்கொள்கிறார். சிலவற்றிற்கு விடை தருகிறார். சிலவற்றிற்குத் தம்மிடம் விடை இல்லை என்கிறார். பெற்றோரின் பண்பு மக்களுக்கு வந்துசேரும் விதிகள் தமக்குத் தெரியா என்று வெளிப்படையாக எழுதுகிறார். அந்த விதிகளை மெண்டல் பட்டாணிச் செடியில் ஆராய்ந்து 1866-இல் வெளியிட்டார். உலகம் 1900 வரை அதைக் கண்டுகொள்ளவில்லை.

இந்நூல் டார்வின் காலத்திலேயே ஆறு பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பதிப்பிலும் அவர் திருத்தினார். இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு நிலப்பகுதி தேய்வதற்கு முப்பது கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று முதற்பதிப்பில் கணக்கிட்டார். அது கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1861-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அந்தக் கணக்கு இல்லை. 'தகுதியுடையது பிழைக்கும்' என்று எல்லோரும் டார்வின் பெயரால் சொல்லும் தொடர் ஸ்பென்சருடையது. ஐந்தாம் பதிப்பில், 1869-இல்தான் இந்நூலுள் வந்தது. 'பரிணாமம்' என்று நாம் மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல்லோ 1872-ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பிலேயே முதன்முதல் இடம்பெற்றது. ஆகவே வாங்குவோர் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும். மறுப்புகளுக்கு விடை சொல்லிச் சொல்லி ஆறாம் பதிப்பு கனத்துப்போயிற்று. முதற்பதிப்பே ஓட்டமுடையது என்பது என் கருத்து. அதிலும் கலப்பினங்கள் பற்றிய எட்டாம் அதிகாரத்தை முதல்முறை படிப்பவர் தாண்டிச் செல்லலாம், குற்றமில்லை.

2023-ஆம் ஆண்டில் நம் நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலிருந்து பரிணாமம் பற்றிய பகுதி நீக்கப்பட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலறிஞரும் ஆசிரியரும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டனர். பாடநூல் ஒரு குழுவின் கையில் இருப்பது. இன்று ஒரு பகுதியைச் சேர்க்கலாம், நாளை எடுக்கலாம். மூலநூலை அப்படி எவரும் எடுத்துவிட முடியாது. நூலகத்தில் அது நமக்காகக் காத்திருக்கிறது. அதை ஏற்பதோ மறுப்பதோ படித்தபின் செய்யும் செயலாக இருக்கட்டும்.

கடினமான நூல்

எல்லா மூலநூலையும் எல்லோரும் படித்தே தீரவேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. நியூட்டனின் 'பிரின்சிபியா'வை நம்மைப் போன்ற மாணவர்க்கு முதல் நூலாக நான் பரிந்துரைக்கமாட்டேன். 1687-இல் இலத்தீனில் எழுதப்பட்ட அந்நூல் முழுவதும் வடிவக்கணித முறையில் நடக்கிறது. நாம் பழகிய நுண்கணித நடை அதில் இல்லை. ஒரு பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆகிறது.

ஆயினும் அதைப் படிக்கும் முறை ஒன்றைத் தமிழர் ஒருவரே உலகுக்குக் காட்டியிருக்கிறார். அவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தந்தையார் இரயில்வே கணக்குத்துறையில் பணியாற்றியதால் 1910-இல் இலாகூரில் பிறந்தவர். நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர்வந்த குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்றார். அதன்பின்னும் ஓய்ந்திராமல் தம் இறுதி ஆண்டுகளில் 'பிரின்சிபியா'வை எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தாமே நிறுவிப் பார்ப்பார். பிறகே நியூட்டன் நிறுவிய முறையோடு ஒப்பிடுவார். அந்த ஒப்பீட்டின் பயனாக அவர் எழுதிய நூல் 1995-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார். எண்பது வயதைக் கடந்த நோபல் அறிஞருக்கு முந்நூறு ஆண்டுப் பழைய நூல் வேண்டியிருந்தது. இருபது வயதில் நமக்கு வேண்டாம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

தமிழுக்கும் இதே நீதி

இதுவரை சொன்னவை மேனாட்டு அறிவியல் நூல்கள். ஆனால் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு வழியை விட்டுவிடும் வழக்கம் அறிவியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று. வெளியூரில் வாழும் தமிழர்களாகிய நாம் ஆண்டுவிழா மேடையில் குறள் சொல்கிறோம், சிலப்பதிகாரம் என்றும் மணிமேகலை என்றும் முழங்குகிறோம், கைதட்டலும் பெறுகிறோம். அந்த நூல்கள் நம் கைக்கு எப்படி வந்தன என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

எனக்குப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமே பாடமொழிகள். தமிழ் எழுத்தை அம்மா சமையலறையில் கற்றுக்கொடுத்தார். அந்த எழுத்தறிவை வைத்துக்கொண்டு நான் முழுமையாகப் படித்த முதல் பெரிய தமிழ் நூல் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 'ஆனந்த விகட'னில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-இல் ஆசிரியர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950-இல் நூலாயிற்று. அதைப் படிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

அந்நூலின் திருப்பம் 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்கிறது. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர், கல்லூரியில் தமிழாசிரியர். முனிசீபாக அவ்வூருக்கு வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், நீர் என்ன படித்திருக்கிறீர் என்று கேட்கிறார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள், கோவைகள் என்று நீண்ட பட்டியலைச் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து; என்னைவிட இரண்டே வயது மூத்தவர். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887-இல் சீவகசிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவருடைய பதிப்புகளாக வெளிவந்தன.

அவர் வேலை செய்த முறையைப் படிக்கும்போது, ஓர் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் எண்ணமே எனக்கு உண்டாயிற்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பது விளங்காது. ஓர் ஏட்டில் உள்ள பாடம் மற்றோர் ஏட்டில் மாறியிருக்கும். ஆகவே பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிக் கொணர்ந்து ஒப்பிடுகிறார். உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட இடங்களைக் கொண்டு சரிபார்க்கிறார். நாம் ஒரு கரைசலை மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சிந்தாமணி சமண நூல் ஆதலால் அதன் சமயக் கருத்துகளை விளங்கிக்கொள்ளச் சைவ மரபில் வளர்ந்த அவர் கும்பகோணத்துச் சைனர்களிடம் சென்று பணிவோடு கேட்டார். மணிமேகலை எந்தச் சமயத்தது என்பதே தொடக்கத்தில் புலப்படவில்லை; பௌத்த நூல் என்பது கல்லூரி அறிஞர் ஒருவர் துணையால் பின்னரே தெளிவாயிற்று. தெரியாத இடத்தைத் தெரியாது என்று குறித்துக்கொண்டு, தெரிந்தவரைத் தேடிப் போவதுதானே ஆராய்ச்சி?

குறையும் சொல்லிவிடுகிறேன். நூல் பெரிது. உதவிய செல்வர்கள், சந்தித்த வித்துவான்கள் ஆகியோரின் பெயர்கள் மிகுதி. தஞ்சை மாவட்டத்து ஊர்களை அறியாத என் போன்றவன் ஒரு நிலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனால் பெயர்களைத் தாண்டிவிட வேண்டாம் என்றே சொல்வேன். ஒரு நூலைக் காப்பாற்ற எத்தனை பேர் வேண்டும் என்பது அந்தப் பெயர்களால்தான் தெரிகிறது.

நாம் செய்யத்தக்கது

மூலநூல் இருக்கப் பாடநூல் எதற்கு என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது. கலிலியோவை மட்டும் படித்தவன் கடலோதத்தைத் தவறாகவே புரிந்துகொள்வான். டார்வினை மட்டும் படித்தவனுக்கு மரபு விதிகள் தெரியா. ஆகவே முதலில் பாடநூல், அடுத்து மூலநூல், மீண்டும் பாடநூல். இரண்டாம் முறை திறக்கும்போது, பாடநூலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கேள்வி நிற்பது கண்ணுக்குத் தெரியும். அதுவே நான் கண்ட பயன்.

நேரம் இல்லை என்பார்க்கு என் விடை இது: பாரடேயின் நூலுக்கு ஆறு மாலைப்பொழுதுகள் போதும். பணம் இல்லை என்பார்க்கு: நான் கூறிய பழைய நூல்களுக்குக் காப்புரிமைக் காலம் கடந்துவிட்டது, நூலகத்தில் இல்லாவிட்டால் இணையத்தில் செலவின்றிப் படிக்கலாம். டார்வினின் நீண்ட வாக்கியங்கள் கடினம் என்பார்க்கு: வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மூச்சு நிற்கும் இடத்தில் பொருளும் பிரிந்து நிற்கும்.

கலிலியோ தம் உரையாடலை இலத்தீனில் எழுதவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களும் படிக்கும்படி இத்தாலிய மொழியில் எழுதினார். இதை நம் மன்றத்திற்கு ஒரு வேண்டுகோளாக மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் கூடலாம். ஒருவர் ஒரு மூலநூலின் ஓர் அதிகாரத்தைப் படித்துவந்து, குறிப்புத்தாள் இன்றி, தமிழிலேயே மற்றவர்க்கு விளக்கலாம். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாத அந்த அரைமணியில், எது விளங்கியது எது விளங்கவில்லை என்பது விளக்குபவருக்கே தெரிந்துவிடும். இலக்கியம் பயிலும் நண்பர்கள் பாரடேயை எடுத்துக்கொள்ளட்டும். அறிவியல் பயிலும் நாங்கள் 'என் சரித்திர'த்தை எடுத்துக்கொள்கிறோம்.

முதற்கூட்டத்திற்கு டார்வினின் புறா அதிகாரத்தை நான் சொல்ல முன்வருகிறேன். இக்கட்டுரையில் நான் கூறியவற்றை மறுப்பவர்கள் உளரானால் அவர்கள் கட்டாயம் வரவேண்டும். மூவர் பேசிய நூலில் சிம்பிளிசியோ வாய் திறவாமல் இருந்திருந்தால், கப்பலைப் பற்றிய விடையே வந்திராது.